ஜாங்கோ பழசுதான், அதனாலென்ன?

கணினி படிக்கிற நண்பர்களிடம் ‘ஜாங்கோ’ என்று சொன்னால் இரண்டு விதமான பதில்தான் வரும். ஒன்று, “அதெல்லாம் பழசு மச்சான், இப்ப ஆர் பாவிக்கினம்?” மற்றது, “கலைப்பீடக்காரருக்கு இதில என்ன வேலை?” இரண்டாவதுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அது சின்னது. ஜாங்கோ ஒரு கணினி ஆய்வுகூடத்தில் பிறந்ததல்ல. ஓர் ஊர்ப் பத்திரிகையின் அலுவலகத்தில் பிறந்தது. ஆகவே ஊடகமும் மொழியும் வரலாறும் படிக்கிற எங்களுக்கு அதைப் பற்றிக் கதைக்க முழு உரித்து உண்டு.

முதலாவது கேள்விதான் பெரியது. பழசு என்றால் என்ன? ஒரு கருவி பழசாகிவிட்டது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? யூடியூப்பில் வாரத்துக்கொரு புதுச் சட்டகத்தை அறிமுகப்படுத்துகிறவரா, அல்லது அந்தக் கருவியை வைத்து இன்றைக்கும் வேலை செய்கிறவரா? எங்களுடைய கட்சியை இப்பவே சொல்லிவிடுகிறோம்: இணையத்தளத்தின் உள்வேலை எப்படி நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள விரும்புகிற தமிழ் இளையவர்கள் முதலில் படிக்க வேண்டியவற்றில் ஜாங்கோ ஒன்று. அது பழசாக இருப்பது அதற்கு ஒரு காரணம்.

ஓர் இணையத்தளத்தில் கண்ணுக்குத் தெரிவது முன்பக்கம். நிறம், எழுத்து, பொத்தான் எல்லாம் அங்கே. நீங்கள் பொத்தானை அழுத்தினதும் எங்கேயோ ஒரு சேர்வரில் ஏதோ நடந்து, தரவுத்தளத்தில் தேடி, விடை திரும்பி வருகிறதே, அது பின்தளம். ஒவ்வொரு தளத்துக்கும் இந்தப் பின்தளத்தை அடியிலிருந்து எழுதினால் ஆயுள் போய்விடும். எல்லாத் தளத்துக்கும் பொதுவான வேலைகளை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிற அடித்தளத்தைத்தான் சட்டகம் என்கிறோம். ஜாங்கோ பைதன் மொழியில் எழுதப்பட்ட அப்படியொரு சட்டகம்.

இனிக் கதைக்கு வருவம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக நகரம். அங்கே வெளிவருகிற ‘லோரன்ஸ் ஜேர்னல் வேர்ல்ட்’ என்ற பத்திரிகையின் இணையப் பிரிவில் 2003இல் ஏட்ரியன் ஹொலவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரண்டு பேர் வேலை செய்தார்கள். வில்லிசன் அப்போது இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக மாணவர், ஒரு வருடப் பயிற்சி வேலைக்காக அங்கே போயிருந்தார். (ஆம், எங்கள் வயதுதான். இன்டேர்ன்ஷிப்பில் போட்டோகொப்பி எடுக்க விடுகிற இடங்களை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.) அதுவரை பிஎச்பியில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அதில் அலுத்துப்போய்ப் பைதனுக்கு மாறினார்கள். பத்திரிகை அலுவலகம் எப்படி என்று தெரியும்தானே. காலையில் ஆசிரியர் வந்து “இண்டைக்குப் பின்னேரம் இந்தப் பக்கம் வேணும்” என்பார். கணினி நிறுவனங்கள் மாதக்கணக்கில் செய்கிற வேலையை மணிக்கணக்கில் முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில், திரும்பத் திரும்ப எழுதுகிற பகுதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு பக்கத்தில் சேர்த்து வைத்தார்கள். அந்தக் குவியல்தான் பிறகு சட்டகமாயிற்று. ஜேக்கப் கப்லன் மொஸ் பின்னர் வந்து சேர்ந்தார். 2005 ஜூலையில் அதைத் திறந்த மூல மென்பொருளாக வெளியே விட்டார்கள். பெயர், பெல்ஜியத்தில் பிறந்த ரோமானி ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டுடையது. தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் அவர் வாசித்த வாசிப்பு உலகப் புகழ் பெற்றது. ஹொலவாட்டியும் கிட்டார் வாசிப்பவர்.

இந்தப் பிறந்த இடத்தின் தடயங்கள் இன்றைக்கும் கோட்டுக்குள் அப்படியே கிடக்கின்றன. ஒரு பழைய பிரதியைக் கையில் எடுத்தால் தாளையும் மையையும் பார்த்து அது எங்கே அச்சானது என்று கண்டுபிடிப்பார்களே, அதுபோல. ஜாங்கோவில் ஒரு பக்கத்தின் முகவரியில் வருகிற குறும்பெயருக்கு ‘ஸ்லக்’ என்று பெயர். அது ஆங்கிலப் பத்திரிகைக்காரர் ஒரு செய்தியைச் சுருக்கமாகக் குறிப்பிடப் பாவிக்கிற சொல். எண்களை எழுத்தால் எழுதித்தர ஒரு சின்னக் கருவி உள்ளே இருக்கிறது. அது 1 முதல் 9 வரைதான் எழுத்தாக்கும், 10 வந்தால் இலக்கமாகவே விட்டுவிடும். ஏன் தெரியுமா? அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு அப்படித்தான் சொல்கிறது! ஒரே சட்டகத்தில் பல தளங்களை நடத்துகிற வசதி ஒன்று இருக்கிறது. அந்தப் பத்திரிகையும் அதன் பொழுதுபோக்குத் தளமும் ஒரே கட்டுரையை இரண்டு இடத்திலும் போட வேண்டியிருந்ததால் வந்தது அது. எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடித்தது இது: நேர வலயத்தை நீங்கள் எதுவும் சொல்லாமல் விட்டால், ஜாங்கோ அடிப்படையாக எடுத்துக்கொள்வது ‘அமெரிக்கா/சிகாகோ’. கன்சாஸின் நேரம் அதுதான். புதிதாக ஒரு திட்டத்தைத் தொடங்கும்போது உலகப் பொது நேரம் என்று எழுதித்தான் தருகிறது, ஆனால் அந்த வரியை நீங்கள் அழித்துவிட்டால் அடியில் கன்சாஸ் வந்துவிடும்.

கருவிகளுக்கு ஊர் இல்லை, அவை நடுநிலையானவை என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

சரி, உள்ளே எப்படி வேலை நடக்கிறது? புத்தகங்களில் ‘மொடல், டெம்ப்ளேட், வியூ’ என்று மூன்று சொல்லைச் சொல்லி ஓர் அம்புக்குறிப் படம் போட்டு முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அது ஏறவில்லை. பிரதேச செயலகத்தை நினைத்துப் பார்த்தபோதுதான் ஏறியது. ஒரு சான்றிதழ் எடுக்கப் போகிறீர்கள். வாசலில் பாதுகாப்பு ஊழியர் மறித்து அடையாள அட்டையைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுகிறார். திரும்பி வரும்போதும் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். ஜாங்கோவில் இதற்குப் பெயர் மிடில்வெயார். உள்ளே வருகிற ஒவ்வொரு கோரிக்கையும் வெளியே போகிற ஒவ்வொரு பதிலும் வெங்காயத்தின் தோல்களைப் போல அடுக்கடுக்காக இதைக் கடக்கும். அடுத்தது விசாரணைக் கருமபீடம். “இந்த வேலைக்கு ஐந்தாம் நம்பர் மேசைக்குப் போங்கோ” என்பார்கள். இதுதான் யூஆர்எல் பட்டியல். எந்த முகவரிக்கு யார் பொறுப்பு என்பது ஒரே கோப்பில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஐந்தாம் மேசையில் இருக்கிற விடய உத்தியோகத்தர்தான் வியூ. அவர் உங்கள் கோரிக்கையைப் பார்த்து, என்ன தகவல் தேவை என்று தீர்மானித்து, பதிவறைக்கு ஆள் அனுப்புகிறார். பதிவறையும் அதில் எந்தப் பதிவு எந்த ஒழுங்கில் இருக்க வேண்டும் என்ற விதியும் மொடல். வந்த தகவலை நிரப்புவதற்கென்று அச்சடித்து வைத்திருக்கிற படிவம் டெம்ப்ளேட். நிரப்பின படிவம் வாசலைத் தாண்டி உங்கள் கைக்கு வருகிறது.

பிரதேச செயலகத்துக்கும் ஜாங்கோவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஜாங்கோவில் உத்தியோகத்தர் தேத்தண்ணி குடிக்கப் போவதில்லை.

மற்றச் சட்டகங்களில் ‘கொன்ட்ரோலர்’ என்று சொல்வதை ஜாங்கோ ‘வியூ’ என்று சொல்கிறது, இதனால் புதியவர்கள் குழம்புவார்கள். ஜாங்கோவை எழுதினவர்களின் விளக்கம் இதுதான்: வியூ என்பது எந்தத் தகவல் காட்டப்படுகிறது என்பதைச் சொல்வது, எப்படித் தோற்றமளிக்கிறது என்பதை அல்ல. தோற்றம் டெம்ப்ளேட்டின் வேலை. அந்த டெம்ப்ளேட் மொழியையும் வேண்டுமென்றே வலு குறைந்ததாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுப் பைதனையும் எழுத முடியாது. பக்க வடிவமைப்பாளர் பக்கத்தை வடிவமைக்கட்டும், கணக்குவழக்கு வேறிடத்தில் நடக்கட்டும் என்பது அதன் நியாயம். பத்திரிகை அலுவலகத்தின் வேலைப்பிரிவினை அப்படியே கோட்டில் படிந்திருக்கிறது என்றுதான் நாங்கள் இதை வாசிக்கிறோம்.

மொடலில்தான் ஜாங்கோவின் உயிர் இருக்கிறது. தரவுத்தளத்தோடு பேச எஸ்கியூஎல் என்று தனி மொழி உண்டு. ஜாங்கோவில் அதை நேரடியாக எழுதாமல், “சஞ்சிகை என்று ஒன்று உண்டு, அதற்குப் பெயர், ஆசிரியர், வெளிவந்த ஆண்டு என்று இன்னின்ன உண்டு” என்று பைதனில் விவரித்தால் போதும். அட்டவணையை உருவாக்குவது, பிறகு நீங்கள் ‘அச்சகம்’ என்று இன்னொரு புலத்தைச் சேர்த்தால் பழைய தரவு கெடாமல் அட்டவணையை மாற்றுவது, தேடுவது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். வசதிக்கு விலையும் உண்டு. நூறு சஞ்சிகைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் ஆசிரியர் பெயரையும் காட்டச் சொன்னால், கவனமில்லாமல் எழுதினவருக்கு அது நூற்றியொரு தடவை தரவுத்தளத்துக்கு ஓடிப்போய் வரும். ஒரே ஓட்டத்தில் கொண்டுவர வழி இருக்கிறது, ஆனால் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எஸ்கியூஎல் தெரியாமலே காலம் தள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் மாட்டுப்படுகிற இடம் இது.

அதோடு, மொடலை எழுதிச் சில வரிகளில் பதிவு செய்தவுடன் தரவை உள்ளிடுவதற்கான நிர்வாகப் பக்கம் ஒன்று தானாகவே வந்துவிடும். ‘அட்மின்’ என்பார்கள். கோட் எழுதத் தெரியாத செய்தியாளர்களும் ஆசிரியர்களும் தாங்களே செய்தியை ஏற்ற வேண்டும் என்பதற்காகச் செய்தது. இருபது வருடம் கழிந்தும் ஜாங்கோவைத் தேடி ஆட்கள் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இதெல்லாம் எதற்கு எங்களுக்கு? ஹொலவாட்டி 2006இல் பத்திரிகைகளின் இணையத்தளங்கள் மாறவேண்டிய விதம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இது: செய்தியாளர்கள் தகவலைத் திரட்டுகிறார்கள், பிறகு அதையெல்லாம் ஒரு பெரிய எழுத்துக் கட்டியாக்கி அச்சுக்கு அனுப்புகிறார்கள். ஒரு தீ விபத்துச் செய்தியை எடுங்கள். திகதி, நேரம், இடம், பாதிக்கப்பட்டவர்கள், தீயணைப்பு நிலையம் எவ்வளவு தூரம் என்று எத்தனை தனித்தனித் தரவு அதற்குள் இருக்கிறது. கட்டியாகப் போட்டுவிட்டால், “இந்தத் தெருவில் இதுவரை எத்தனை தீ விபத்து?” என்ற கேள்விக்குப் பதில் எடுக்க முடியாது. தனித்தனிப் புலங்களாகச் சேமித்தால் முடியும். இது வெறும் பேச்சாக நிற்கவில்லை. புளோரிடாவின் ‘சென் பீட்டர்ஸ்பேர்க் டைம்ஸ்’ 2007இல் அரசியல்வாதிகளின் கூற்றுகளைச் சரிபார்க்கிற ‘பொலிட்டிஃபாக்ட்’ தளத்தைத் தொடங்கியது. அதை ஜாங்கோவில் கட்டினவர் மற் வெய்ட் என்ற ஒரு செய்தியாளர். சொன்னவர், சொன்னது, தீர்ப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தரவு. 2009இல் அதற்குப் புலிட்சர் விருது கிடைத்தது.

இப்போது எங்கட பக்கம் பாருங்கோ. கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் எங்கள் ஊர்களில் நடந்த நூல் வெளியீடு, கூத்து, கண்காட்சி, நினைவுக்கூட்டம் எல்லாம் எங்கே கிடக்கின்றன? பெரும்பாலும் பேஸ்புக் பதிவுகளாக. பத்துப் படமும் ஒரு பந்தியும் ‘வாழ்த்துக்கள்’ என்று அறுபது பேரும். அந்தக் கணக்கு முடக்கப்பட்டாலோ அதை வைத்திருந்தவர் வெளிநாடு போய் மறந்துவிட்டாலோ அவ்வளவுதான். போகாமல் இருந்தாலும், இந்தக் கூத்தை இந்த அண்ணாவியார் எந்தெந்த ஆண்டு எங்கெங்கே ஆடினார் என்று தேடி எடுக்க வழியில்லை. ஹொலவாட்டி சொன்ன எழுத்துக் கட்டி இதுதான், அதுகூட எங்கள் சேர்வரில் இல்லை. ஆடிய இடம், திகதி, அண்ணாவியார், மத்தளம் வாசித்தவர், பிரதியின் பெயர் என்று ஆறேழு புலத்தோடு ஒரு மொடல் எழுதுவது ஒரு பின்னேர வேலை. புலங்கள் எவை என்று தீர்மானிப்பதுதான் கஷ்டம், அது கணினி படித்தவரால் தனியே செய்யக்கூடியதுமல்ல. மத்தளக்காரருக்கு ஒரு புலம் வைக்காவிட்டால் அவர் அந்தத் தரவுத்தளத்தில் இருக்கவே மாட்டார். பெண்கள் ஒப்பனைக்கும் உடைக்கும் செய்த வேலைக்குப் புலம் வைக்காவிட்டால் அதுவும் அப்படித்தான். கலைப்பீடத்தில் நாங்கள் ஆவணம், மௌனம், விளிம்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அந்த விவாதம் முழுவதும் மொடல் கோப்பின் பத்து வரிக்குள் நடக்கிறது.

ஜாங்கோவே அதற்குச் சாட்சி. அதனோடு வருகிற பயனர் மொடலில் பெயருக்கு இரண்டு புலம்: ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். எங்களில் எத்தனை பேருக்கு லாஸ்ட் நேம் உண்டு? அப்பாவின் பெயரை முன்னுக்கு எழுதுகிறோம், முதலெழுத்தாகச் சுருக்குகிறோம், கலியாணம் செய்தால் சிலர் மாற்றுகிறார்கள், சிலர் மாற்றுவதில்லை. முன்னுக்கு வருவது அப்பாவின் பெயர் என்றால் ஃபர்ஸ்ட் நேம் யாருடையது? அந்த ஃபர்ஸ்ட் நேம் புலத்துக்கு 2020இல் 3.1 பதிப்பு வரும்வரை 30 எழுத்துத்தான் இடம். ஆங்கிலத்தில் எழுதின எங்கட சில பெயர்களுக்கு அது கட்டுச்சட்டைதான். பயனர் மொடலை நாங்களே எழுதிக்கொள்ள ஜாங்கோ 2013இலிருந்து இடம் கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஸ்லக் விடயம் இன்னும் சுவாரசியம். தலைப்பைக் கொடுத்தால் முகவரிக்கேற்ற குறும்பெயராக மாற்றித்தர ‘ஸ்லகிஃபை’ என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. வழமையான அமைப்பில் அதற்கு ‘யாழ்ப்பாணம்’ என்று கொடுத்தால் வருவது வெறுமை. ஆங்கில எழுத்தில்லாத எல்லாவற்றையும் அது வீசிவிடும். 2015 முடிவில் வந்த 1.9 பதிப்பிலிருந்து யுனிகோட் எழுத்தை அனுமதிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டுவிட்டு அதே சொல்லைக் கொடுத்தால் ‘யழபபணம’ என்று வரும்! புள்ளியும் கால்களும் போய்விட்டன. காரணம் ஜாங்கோவுக்கும் அடியில், பைதனில் இருக்கிறது. எது ‘சொல்லில் வரும் எழுத்து’ என்று பைதனின் தேடற்கருவி வைத்திருக்கிற வரைவிலக்கணத்துக்குள் எங்கள் உயிர்க்குறிகளும் புள்ளியும் இல்லை. அ, க, ம எல்லாம் எழுத்து, ஆனால் ‘ா’ எழுத்தில்லை. மெய் என்ற ஒன்று இல்லாமல் தமிழ் எழுதுவது எப்படி இருக்கும் என்று இலக்கண வகுப்பில் கேட்டிருந்தால் சிரித்திருப்போம்.

இதைச் சொல்வது ஜாங்கோவைத் திட்டுவதற்கல்ல. பழைய, எல்லாரும் வாசிக்கக்கூடிய, ஒவ்வொரு மாற்றத்துக்கும் விவாதம் பதிவாகியிருக்கிற கருவி என்பதால்தான் இந்தக் குறையை வரி இலக்கத்தோடு காட்ட முடிகிறது. பேஸ்புக்கின் உள்ளே எங்கள் எழுத்து என்ன படுகிறது என்று யாருக்குத் தெரியும்?

‘பழசு’ என்கிறவர்களிடம் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஜாங்கோ ஒரு கோரிக்கை வரும், ஒரு பதில் போகும் என்ற காலத்தில் வடிவமைக்கப்பட்டது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தொடர்பைத் திறந்து வைத்துக்கொண்டு அரட்டை அடிக்கிற செயலி வேண்டுமென்றால் அதற்கென்றே பிறந்த கருவிகள் இருக்கின்றன. 2019இல் 3.0 பதிப்பிலிருந்து அந்தப் பக்கம் ஜாங்கோவும் மெல்ல நகர்கிறது, ஆனால் பழைய வீட்டுக்கு மாடி கட்டுகிற மாதிரித்தான் இருக்கிறது, தரவுத்தளப் பகுதி இன்னும் முழுமையாக வரவில்லை. தொலைபேசிச் செயலி ஒன்றுக்குத் தரவு மட்டும் அனுப்புகிற சின்னச் சேவை என்றால் ஃபாஸ்ட்ஏபிஐ போன்றவை இலகு. இதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை.

ஆனால் ‘பெரிசாக வளராது’ என்கிறது பொய். இன்ஸ்டகிராம் 2010இல் ஜாங்கோவில்தான் எழுந்தது. 2012இல் பேஸ்புக் அதை நூறு கோடி டொலருக்கு வாங்கியபோது அங்கே வேலை செய்தவர்கள் 13 பேர். நீங்கள் காலையில் எழும்பிப் பார்க்கிற முதல் செயலி அது, பிறகு எந்த வாயால் பழசு என்கிறீர்கள்?

இன்னொன்று பாதுகாப்பு. உள்நுழைவுப் படிவத்தில் எஸ்கியூஎல் துண்டைத் தட்டித் தரவுத்தளத்தைத் திறப்பது, கருத்துப் பெட்டியில் ஒளித்துவைத்த கட்டளையால் மற்றவரின் கணக்கைத் திருடுவது, வேறொரு தளத்திலிருந்து உங்கள் பெயரில் படிவம் அனுப்ப வைப்பது: இந்த மூன்றையும் ஜாங்கோ வழமையாகவே தடுக்கிறது, நீங்கள் வலிந்து நிறுத்தினால் தவிர. அனுபவமில்லாத கை எழுதினாலும் அடிப்படைத் தவறுகள் குறையும். மாணவர் சங்கத்துக்கோ கிராம வாசிகசாலைக்கோ இலவசமாகத் தளம் செய்து கொடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்ன விடயமல்ல, அந்தத் தளங்களில் இருப்பது உண்மையான ஆட்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும். அதோடு 2025 ஏப்ரலில் வந்த 5.2 பதிப்புக்கு மூன்று வருடப் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. பட்டம் முடித்து நாலாபக்கமும் போன பிறகும் அடுத்த வருடத்துப் பெடியள் அதைக் கொண்டு நடத்தலாம். பக்கத்தைச் சேர்வரிலேயே தயாரித்து அனுப்புகிற அந்தப் பழைய முறைகூட, டேட்டா முடியப்போகிற மலிவுத் தொலைபேசியில் கெதியாகத் திறக்கும். மெகாபைற் கணக்கில் ஜாவாஸ்கிரிப்டை இறக்கிவிட்டு வெள்ளைத் திரையைக் காட்டுகிற நவீனத்தை விட எங்களுக்கு இது மேல்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: அதிகாரபூர்வப் பயிற்சி ஒரு வாக்கெடுப்புச் செயலியைக் கட்டச் சொல்லும். கட்டுங்கள், ஆனால் இரண்டாவது தடவை அதே படிகளில் உங்கள் ஊரில் உண்மையாக இருக்கிற ஒன்றை வையுங்கள். வாசிகசாலைப் புத்தகப் பதிவேடு, கோயில் மடத்தில் கிடக்கிற பழைய மலர்கள், அம்மம்மாவின் கொப்பியில் இருக்கிற மருந்துக் குறிப்புகள். பிறகு ஸ்லகிஃபை செயற்கூற்றைத் திறந்து பாருங்கள், பத்துப் பன்னிரண்டு வரிதான். ஜாங்கோவின் மொழிப்பட்டியலில் தமிழும் இருக்கிறது, அதன் மொழிபெயர்ப்பு இன்னும் முழுமையாகவில்லை. ‘அட்மின்’ பக்கத்தில் ஆங்கிலத்திலேயே நிற்கிற சொற்களுக்கு எங்கட ஊர் வழக்கில் என்ன சொல்லலாம் என்று நாங்கள் ஒரு பட்டியல் போடத் தொடங்கியிருக்கிறோம். ‘ஸ்லக்’குக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. பழைய அச்சுக்கோப்பாளர் யாரையாவது தெரிந்தால் கேட்டுச் சொல்லுங்கோ.